எங்கள் களத்தில் முதல் படி

பிப்ரவரி 13, திங்கள்

காலையில் பனி. எட்டு மணிக்கு மேல் கண் கூசுகிற வெயில். மாசி பிறந்துவிட்டது.

மூக்கு அடைத்து இன்றோடு மூன்று நாள். பருத்தி எடுத்த தூசி. காபியும் கஷாயமும் நாக்குக்கு ஒன்றுதான். பள்ளியில் வருகை நாற்பத்தொன்று. ஐந்தாம் வகுப்பில் பெண் பிள்ளைகள் நான்கே பேர். மற்றதுகள் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறிப் போய்விட்டன.

சனிக்கிழமை பொதுக்களம். இந்த வருஷம் எங்கள் புஞ்சைக் காட்டில். முதல் வருஷம் ரெங்கசாமி அண்ணாச்சி காட்டில் நடந்தது, போன வருஷம் சர்ச் சபைக் காட்டில். நான்கு ஊர்ச் சனம் கூடி, வீட்டுக்கு ஒரு படி தானியம் களத்தில் கொட்டிப் பொங்கி, ஒரு பகல் முழுக்கப் பாட்டும் சாப்பாடும். யோசனை என் வீட்டுக்காரருடையது. உரம் போடாமல் மருந்து அடிக்காமல் விளைந்த தானியம் மட்டும்தான் அடுப்பேற வேண்டும். உப்பைத் தவிரக் கடைச் சாமான் கூடாது. மைக் செட் கூடாது. மறுநாள் காட்டில் ஒரு துண்டுக் காகிதம் கிடக்கக் கூடாது, எச்சில் பட்டை எல்லாம் எருக்குழிக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெருக்குவது யார் என்று மட்டும் எந்தக் கூட்டத்திலும் பேச்சு வரவில்லை.

பாக்கி:
பருத்திமார் இன்னும் ஒரு வண்டி, அடுப்புக்கு.
பனையோலைப் பட்டை முந்நூறு மடித்தாயிற்று. இன்னும் இருநூறு.
குளத்தூர் உப்பு.
மிதுக்க வத்தல், சீனியவரை வத்தல் எடுத்துக் காயவைக்க.
பெண்கள் ஒதுங்கச் சோளத்தட்டை மறைப்பு. (இதை நான் சொன்ன பிறகுதான் இவருக்கு ஞாபகம் வந்தது.)
எச்.எம்.மிடம் வெள்ளிக்கு லீவு.

இவரும் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறார். அதில் முதல் வேலை "வரவேற்புப் பேச்சு". இரண்டாவது வேலை இல்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

சாயங்காலம் புதூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேர், இவரைப் பார்க்க. விதையை எப்படி மருந்துப் பொடி போடாமல் வண்டு விழாமல் வைக்கிறீர்கள் என்று கேட்க வந்தவர்கள். ரெங்கசாமி அண்ணாச்சிதான் கூட்டிவந்தார். பக்கத்துக் காட்டுக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்கள் பேச்சு, இரண்டிலும் சத்தம் ஒரே அளவு.

"நாலு ஊர்லயும் பொடி வாசம் அடிக்காத வீடு இது ஒண்ணுதான். சாமுவேல் அண்ணாச்சிய மாதிரி வைராக்கியம் நமக்கெல்லாம் வராது" என்றார் இவரைக் காட்டி.

இவர் சிரித்துக்கொண்டே சாம்பல், நொச்சி இலை, வேப்பங்கொட்டைத் தூள் எல்லாம் விளக்கினார். விதை வைக்கிற மண் குலுக்கையைத் திறந்து காட்டுவார் என்று பார்த்தேன், காட்டவில்லை. நேரமாகிவிட்டது என்றார். வந்தவர்களுக்குக் கருப்பட்டிக் காபி. எனக்குக் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருந்தது. அடிக்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் விதைக் கம்பு முழுக்க வண்டு துளைத்துப் போயிற்று. அண்ணாச்சி வீட்டில்தான் விதை வாங்கி விதைத்தோம். அப்போது இவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அதை அண்ணாச்சியும் மறந்துவிட்டார் போலிருக்கிறது, நல்ல மனுஷர்.

எங்கள் சபை உபதேசியார் வந்து பாட்டுப் பழக்கம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை ஊமை. "அந்தச் சுரம் வாற எடத்துல எல்லாரும் கொஞ்சம் சத்தமாப் பாடிருங்க" என்றார்.

பிப்ரவரி 16, வியாழன்

பள்ளி இடைவேளையில் எழுதுகிறேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

நேற்றுக் காலை இவர் கயத்தாறு போனார், பானைக்கு. மண் பானை பெரிதாகப் பன்னிரண்டு வேண்டும். அங்கே வில்லுப்பாட்டுக்காரர்களையும் பார்த்து உறுதி பண்ணிவிட்டு இன்று மாலை வருவதாக ஏற்பாடு.

விடியும்போதே வாசலில் சத்தம். வடக்கூர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், தலையில் சின்னச் சின்ன ஓலைப்பெட்டி.

"டீச்சர், எங்க கம்ப இப்பமே களத்துல போட்டுருதோம். தீப்பெட்டி ஆபீசுல நாளைக்கு லீவு கெடையாதுன்னுட்டாவ. சனிக்கெழம வாறதுக்கே கெஞ்சி வாங்கியிருக்கு."

வாங்கிக் கீழே வைக்கவும் முடியாது. களம் நடத்துகிற வீட்டுத் தானியம் முதலில் விழாமல் அடுத்தவர் தானியம் விழக் கூடாது என்பது வழக்கம். அந்த முதல் படியும் தின்கிற கம்பிலிருந்து எடுக்கக் கூடாது, விதைக்கு வைத்ததிலிருந்து எடுக்க வேண்டும். வரப்போகிற வெள்ளாமையையே நடுவில் வைக்கிறோம் என்று அர்த்தமாம். இதுவும் இவர் கொண்டுவந்ததுதான். பிறகு ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் படியைப் போட்டுவிட்டுக் கையை உள்ளே விட்டு ஒரு கிண்டு கிண்ட வேண்டும். அது அண்ணாச்சி வீட்டம்மாள் வைத்தது. முதல் வருஷம் சிலபேர், எங்கள் ஊர்க் கம்பைத் தனியாக ஆக்குங்கள் என்று முனகினார்கள். அந்த அம்மாள் குவியலில் முழங்கை வரை கையை விட்டுக் கலக்கிவிட்டாள். அதிலிருந்து எல்லோரும் கலக்குகிறார்கள்.

வேலம்மாள் வந்து சேர்ந்தாள், நல்லவேளை. எங்கள் பள்ளியில் சத்துணவு ஆக்குகிறவள். அந்த வேலை கிடைத்து ஒன்றரை வருஷமாகிறது, அதை வைத்துத்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. எனக்குக் கூடமாட வந்திருக்கிறாள், கூலி பேசவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தால் விதைக் குலுக்கை காலி. பரணில் ஒரு சாக்கு, வாய் தைத்து. மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார் போல என்று இறக்கினோம். வேலம்மாள் தலையில் ஏற்றிக்கொண்டாள். பாதி வழியில், "என்ன டீச்சர் ஒரு மாதிரி வாட அடிக்கி, நொச்சியா?" என்றாள். எனக்கு மூக்கு இருந்தால்தானே. நொச்சியாகத்தான் இருக்கும் என்றேன்.

களத்தில் சாக்கைப் பிரித்து ஒரு மரக்கால் அளந்து நடுவில் கொட்டினேன். வடக்கூர்ப் பெண்கள் குலவை போட்டார்கள். பிறகு அவர்கள் கம்பு. பிறகு கிண்டு. பிறகு சனம் வந்துகொண்டே இருந்தது. நான் பள்ளிக்கு ஓடி வந்துவிட்டேன். களத்தில் இப்போது உபதேசியார் காவல்.

மாலை.

எழுதாமல் இருக்க முடியவில்லை.

பானை வண்டி ஐந்து மணிக்கு வந்தது. இவர் களத்தைப் பார்த்தார், குவியல் முழங்காலுக்கு மேல். முகம் மலரும் என்று நின்றேன். கேட்டது ஒன்றே ஒன்று:

"முதப் படி எதுலருந்து எடுத்த?"

"விதையிலருந்துதான். பரண்ல சாக்கு இருந்துச்சே."

அப்படியே பானைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். வெயிலில் வந்த மயக்கம் என்று தண்ணீர் கொண்டுவந்தேன். சொம்பை வாங்கவில்லை. "அதுல பொடி போட்டிருக்கேன் கிரேஸ்" என்றார்.

கார்த்திகையில் கோவில்பட்டிக்குப் போனபோது வாங்கினாராம். வண்டு மருந்து. டப்பாவில் மண்டை ஓடு போட்டிருக்குமே, அது. இன்னொரு தடவை விதையில்லாமல் நிற்க முடியாது என்று நினைத்தாராம். வெள்ளிக்கிழமை தின்கிற கம்பிலிருந்து ஒரு மரக்கால் எடுத்து விதை என்று சொல்லிப் போட்டுவிடலாம் என்று இருந்தாராம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒங்கிட்ட எப்படிச் சொல்ல" என்றார். பதினெட்டு வருஷம் கூட இருந்தவளிடம்!

பிப்ரவரி 17, வெள்ளி

பனி இல்லை. காற்று.

காலையில் நன்றாகக் கழுவினால் போய்விடும் என்று ஆரம்பித்தார். களத்துக்குக் கூட்டிப்போனேன். குவியலின் ஓரத்தில் நான்கு சிட்டுக்குருவி செத்துக் கிடந்தன. அதற்குமேல் கழுவுகிற பேச்சு இல்லை.

"சனம் கம்பு குத்த வந்துரும். நீங்களே சொல்லிருங்க" என்றேன்.

"சொல்லுதேன்" என்றார்.

ஏழு மணிக்கு உலக்கையோடு பெண்கள் வந்தார்கள், அண்ணாச்சி வந்தார், உபதேசியார் வந்தார். வேலம்மாள் உரலைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். இவர் குவியல் பக்கத்தில் போய் நின்றார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்த நேரம் எனக்கு அவர்மேல் பாவமாகக்கூட இருந்தது.

"எல்லாரும் மன்னிக்கணும். வீட்டுல ஒரு கைப்பிசகு ஆயிப்போச்சு. எலிக்குன்னு வச்சிருந்த பொடி சாக்குல சிந்தியிருக்கு. டீச்சரும் வேலம்மாளும் கவனியாமச் சொமந்துட்டு வந்து போட்டுட்டாவ. இதத் திங்கக் கூடாது."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. வேலம்மாள் என்னைப் பார்த்தாள்.

வாய்வரை வந்தது. நான்கு ஊர் பார்க்கப் புருஷனைப் பொய்யனாக்குவதா என்று ஒரு நிமிஷம் நின்றேன். அந்த ஒரு நிமிஷத்துக்குள் பேச்சு அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. எங்கே புதைப்பது, எவ்வளவு ஆழம், ஆடு மாடு கிண்டாமல் என்ன செய்வது. இதை நான் இப்போது உட்கார்ந்து எழுதும்போது சாக்குப்போக்கு மாதிரித்தான் தெரிகிறது.

கிணற்றுக்கு எதிர்மூலையில் ஆள் உயரக் குழி. கரிசல் காய்ந்து இரும்பாகக் கிடக்கிறது, கடப்பாரை வைத்தால்தான் பெயர்கிறது. குவியலைப் பெட்டி பெட்டியாக அள்ளிக் கொட்டினோம். எத்தனை வீட்டுக் கம்பு. மேலே மண், மண்ணுக்கு மேல் உடைமுள். அள்ளும்போது பின்னால் கேட்டவை:

"படிச்ச பொம்பள செய்த வேலையப் பாரேன்."

"டீச்சருக்குத்தான் சளி. இந்த வேலம்மாளுக்கு மூக்கு எங்க போச்சு?"

"நம்ம புள்ளைகளுக்கு இவதான ஆக்கிப் போடுதா?"

கடைசியாகச் சொன்னது யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. வேலம்மாள் காதிலும் விழுந்திருக்கும். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், திரும்ப எடுத்தாள்.

சனிக்கிழமை நடக்குமா நடக்காதா என்று மதியம் வரை தெரியவில்லை. அண்ணாச்சிதான் சத்தம் போட்டார்: "கொட்டுக்காரன் வந்துட்டான், பான வந்துட்டு. சட்டியில என்ன இருக்கோ அதக் கொண்டாங்க. எங்க வீட்டுலருந்து மொத மரக்கா நான் போடுதேன்." நான்கு மணிக்கு மேல் சனம் மறுபடி வந்தது. இந்தத் தடவை கம்பு பாதி, மீதி சோளம், குதிரைவாலி, சாமை. படி நிறையவில்லை, அரைப்படி, கால்படி. போட்டார்கள், கிண்டினார்கள். நான் களத்துப் பக்கம் போகவில்லை. பட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு வைக்கும்போது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீங்க என்று. "விழா முடியட்டும் கிரேஸ், சொல்லிருதேன். இப்பம் சொன்னா எல்லாமே ஒடஞ்சிரும்" என்றார். மோர் ஊற்றினேன். கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

பிப்ரவரி 18, சனி

விழா முடிந்தது. காலை நீட்டி உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் பொழுது அடையவில்லை.

சனம் ஐந்நூறுக்குக் குறையாது. மைக் இல்லாததால் மேல்காற்று ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. முன்னால் இருந்தவர்களுக்குப் பாட்டு, பின்னால் இருந்தவர்களுக்கு உபதேசியார் வாயசைவு. உறுமிச் சத்தம் மட்டும் எதற்கும் அசையவில்லை. அண்ணாச்சி ஆட்கள் தேவராட்டம் ஆடியபோது கரிசல் புழுதி முழங்கால்வரை எழும்பியது. வடக்கூர்ப் பெண்கள் கும்மி. விரலெல்லாம் தீப்பெட்டி மருந்தின் சிவப்பு, அடிக்கிற அடி ஒன்றுபோல் விழுந்தது. அதைப் பார்த்தபோது அரைமணி நேரம் எல்லாம் மறந்து நின்றேன். நன்றாக இருந்தது. அதையும் எழுதி வைக்க வேண்டும்.

வில்லுப்பாட்டுக்காரர் நடுவில் நிறுத்தி, "பொடி போடாத சாமுவேல் அண்ணாச்சி" என்று ஒரு அடி கட்டிப் பாடினார். சனம் கை தட்டியது. இவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

சாப்பாடு. மூன்று இடத்தில் அடுப்பு. ஒன்று அண்ணாச்சி வீட்டம்மாளிடம், ஒன்று சபைப் பெண்களிடம், ஒன்று நானும் வேலம்மாளும். எல்லாவற்றிலும் ஒரே தானியம், ஒரே கிணற்றுத் தண்ணீர். பன்னிரண்டரைக்குப் பந்தி. அண்ணாச்சி வீட்டு அடுப்பில் வரிசை வரப்பு தாண்டிப் போகிறது. சபை அடுப்பிலும் அப்படியே. எங்கள் அடுப்புக்கு யாரும் வரவில்லை.

முதலில் தற்செயல் என்று நினைத்தேன். பிறகு நானே கூப்பிட்டேன். "இங்கன வாங்க, இங்க கூட்டம் இல்ல." சிரித்தார்கள். "இருக்கட்டும் டீச்சர்." "பையனக் கூட்டிட்டு வந்துருதேன் டீச்சர்." ஒருத்தி கைப்பிள்ளையோடு எங்கள் பக்கம் வந்துவிட்டாள், பின்னாலிருந்து யாரோ சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

உபதேசியார் வந்து சாப்பிட்டார். கயத்தாற்றுக்காரர்கள் ஐந்து பேர் சாப்பிட்டார்கள், அவர்களுக்கு விஷயம் தெரியாது. நான்கு பானைச் சோறு. மூன்றரைப் பானை மிச்சம்.

வேலம்மாள் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நின்றவள்தான். இரண்டு மணிக்கு, "மாட்டுக்கு ஊத்திருவமா டீச்சர்?" என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை.

இவர் மூன்று தடவை எங்கள் அடுப்பைத் தாண்டிப் போனார். பார்த்தார். வரவேற்புப் பேச்சு முன்னமே முடிந்துவிட்டது, நன்றியுரை பாக்கி இருந்தது. அதில் சொல்வார் என்று இருந்தேன். கயத்தாற்றுக்காரர்களுக்கு நன்றி, அண்ணாச்சிக்கு நன்றி, மழைக்கு நன்றி. உட்கார்ந்துவிட்டார்.

இப்படி ஒரு ஆளா என்று இருக்கிறது. கெட்டவர் இல்லை. சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசினது இல்லை. அந்த ஒரு பெயர் போய்விட்டால் தனக்கு வேறு ஒன்றும் இல்லை என்று நினைக்கிறார். எனக்குப் பெயர் இல்லையா? வேலம்மாளுக்கு?

பிப்ரவரி 19, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. இவர் போனார்.

காட்டைப் பெருக்கினேன். காகிதம் ஒன்றுகூட இல்லை, அதில் குறை சொல்ல முடியாது. பட்டைகளை எருக்குழியில் தள்ளினேன். மாடுகளுக்குக் மிஞ்சின சோற்றைத் தின்று வயிறு ஊதிவிட்டது. ஓமத்தண்ணீர் புகட்டினேன். கடன் வாங்கின உலக்கை ஆறு, எந்தெந்த வீடு என்று மறந்துவிட்டது.

வேலம்மாள் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். வரவில்லை.

மூக்கு திறந்துவிட்டது. பரணைத் துடைக்கப் போனபோது வாசம் அடித்தது. இத்தனை நாள் இதன் கீழேதான் படுத்திருக்கிறோம்.

பிப்ரவரி 20, திங்கள்

வெயில். இன்று ஒரு நாளில் ஒரு வருஷம் கழிந்த மாதிரி.

சத்துணவு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு வரவில்லை. பையிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்தார்கள். வீட்டுச் சோறு. வீட்டில் சோறு இல்லாததுகள் தண்ணீர்ப் பானைப் பக்கம் போய் நின்றன. ஏன் என்று கேட்டேன். "எங்கம்மா சாப்புடாதன்னு சொல்லிட்டாவ டீச்சர். மருந்து இருக்குமாம்."

எச்.எம். என்னைத் தனியாக அழைத்தார். வெள்ளிக்கிழமை நடந்தது எல்லாம் அவர் காதுக்கு வந்துவிட்டது. "ஒங்களப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல டீச்சர். ஆனா சமையல் ஆளு மேல பெத்தவங்களுக்கு நம்பிக்கை போச்சுன்னா நான் மேல எழுதித்தான் ஆகணும். வேற ஆளப் போடச் சொல்லுதாங்க. நாளைக்குத் தாய்மாரெல்லாம் வாராங்க" என்றார். நான் கவர்ன்மெண்ட் சம்பளம், என்னை யாரும் அசைக்க முடியாது. அவளை அசைப்பது எவ்வளவு சுலபம்.

சமையல் கூடத்துக்குப் போனேன். சோறு வடித்தது வடித்தபடி. வேலம்மாள் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"வேலம்மா, அது எலிப்பொடி இல்ல. அவுக போட்ட பொடி. எனக்கு வியாழக்கெழமை சாயங்காலமே தெரியும்."

அள்ளுவதை நிறுத்தவில்லை.

"நான் எப்பமோ நெனச்சேன் டீச்சர். எலிக்குப் போடுத பொடி சாக்கு நெடுக ஒண்ணுபோல சிந்துமா? நீங்க சொல்லுவிய சொல்லுவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒங்க வீட்டு மானத்த மூட என் அகப்பதான் கெடச்சுதா?"

வகுப்புக்குத் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே சொன்னேன். நாளை மதியம் பள்ளிக்கு வந்து தாய்மார் முன்னால் சொல்லுங்கள், இல்லையென்றால் நான் சொல்வேன். "வாரேன்" என்றார். வெள்ளிக்கிழமையிலிருந்து "சொல்லுதேன்". இன்று "வாரேன்". நம்பிக்கை இல்லை.

பிப்ரவரி 21, செவ்வாய்

மேகம் இருந்தது, மழைக்கான மேகம் இல்லை.

இவர் எழும்பி வேஷ்டி துவைத்தார். நான் கிளம்பிவிட்டேன்.

பதினொரு மணிக்குப் பார்த்தேன், வரவில்லை. பன்னிரண்டுக்குப் பார்த்தேன், வரவில்லை. வேப்பமரத்தடியில் தாய்மார் முப்பது பேர். எச்.எம். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேலம்மாள் கூடத்து வாசலில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. உள்ளே சாம்பார் கொதிக்கிற வாசம்.

பன்னிரண்டரை ஆகும்வரை பொறுத்தேன். எழுந்தேன். பாடம் நடத்துகிற குரல் வரும் என்று நினைத்தேன், வந்தது வேறு குரல்.

"விதையில பொடி போட்டது எங்க வீட்டு ஐயா. வேணும்னுதான் போட்டாவ, வண்டுக்கு. எலியும் இல்ல, சிந்தவும் இல்ல. வேலம்மாளுக்கு ஒண்ணும் தெரியாது. வாட அடிக்குன்னு சொன்னவளே அவதான், நொச்சின்னு சொல்லிச் சொமக்க வச்சது நான். விசயம் எனக்கு அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். இத்தன நாளும் வாயத் தொறக்கல."

ஒரு தாய், மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா, மெதுவாகச் சொன்னாள்: "வெள்ளிக்கெழமையே இத சொல்லியிருக்கலாமே டீச்சர்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் கேட்டில் சைக்கிள். வெள்ளைச் சட்டை, துவைத்த வேஷ்டி. எல்லோர் முகத்தையும் பார்த்தார், முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார். என்னிடம், "காலையிலேயே வந்துட்டேன் கிரேஸ். பாலத்துல உக்காந்திருந்தேன்" என்றார். அதை எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு தாய்மார் பக்கம் திரும்பி, "டீச்சர் சொன்னது நெசம். பொய் சொன்னது நான்" என்றார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

வேலம்மாள் கூடத்துக்குள் போனாள். ஒரு அலுமினியத் தட்டில் சோறு போட்டு சாம்பார் ஊற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வேப்பமரத்தடியில், தாய்மாருக்கு நேராகத் தரையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, பொடிச் சாக்குச் சொமந்த கை ஆக்குன சோறு. உக்காந்து சாப்பிடுங்க."

இவர் சைக்கிளைச் சாத்தினார். வெள்ளை வேஷ்டியோடு மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சோறு சுட்டது போல, ஊதி ஊதிச் சாப்பிட்டார். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நிமிரவில்லை. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. வேலம்மாள் மறுபடி ஊற்றினாள், போதும் என்று சொல்லவில்லை, அதையும் சாப்பிட்டார்.

மூன்றாம் வகுப்புக்காரியின் அம்மா தன் மகளைப் பார்த்து, "ஏட்டி, தட்ட எடு" என்றாள். பிறகு இன்னும் சிலர் சொன்னார்கள். எல்லோரும் சொல்லவில்லை. நான்கைந்து பேர் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார்கள்.

எச்.எம். எழுதி வைத்திருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். கிழிக்கவில்லை.

நான் அலமாரியிலிருந்து ஒரு தட்டு எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பின்னால், வரிசையின் கடைசியில் போய் நின்றேன். என் முறை வந்தது. வேலம்மாள் போட்டாள். பிள்ளைகளுக்குப் போட்ட அளவுதான். என் முகத்தைப் பார்க்கவில்லை.